பூ வண்டி போகிற வழியில்

இரவு பதினொரு மணிக்கு மேல் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி கிளம்பியது. பின்னால் பிச்சியும் மல்லியும் மூட்டை மூட்டையாக, ஈரச் சாக்கு போர்த்தி. முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில், மடியில் துணிப்பையோடு ஒரு பத்திரிகைக்காரர். 2025 ஓணத்துக்கு முந்தைய வாரம் அது. தோவாளைச் சந்தைக்கு விடியுமுன் பூ போய்ச் சேர்ந்தாக வேண்டும். அத்தப்பூக் கோலத்துக்கு மலையாளக் கரை முழுதும் காத்திருக்கிற நாட்கள்.

பத்திரிகைக்காரர் தேடி வந்தது மன்றங்களை. நகராட்சி மன்றம், மாநகராட்சி மன்றம், ஒன்றிய மன்றம், கிராம சபை என்று ஊர்க்காரியம் பேசித் தீர்மானம் எழுதுகிற இடங்கள். சங்கரன்கோவிலுக்கும் நாகர்கோவிலுக்கும் இடையில், பூ வண்டி ஓடுகிற இதே சாலையில், ஆயிரத்து இருநூறு ஆண்டுக் கதை கிடக்கிறது என்பது அவர் நம்பிக்கை.

வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் ஓட்டுநரே பேச்சைத் தொடங்கிவிட்டார். “எங்க ஊர் சேர்மனைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தாவ, தெரியுமா அண்ணாச்சி?”

உண்மைதான். சங்கரன்கோவில் நகராட்சியில் 30 வார்டுகள். 2022 மார்ச் 4-ஆம் தேதி தலைவர் பதவிக்கு மறைமுகத் தேர்தல் நடந்தபோது தி.மு.க. வேட்பாளருக்கு 15 வாக்கு, அ.தி.மு.க. வேட்பாளருக்கு 15 வாக்கு. சட்டப்படி சீட்டெழுதிக் குலுக்கினார்கள், சீட்டு தி.மு.க. பக்கம் விழுந்தது. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூரில் குடத்துக்குள் ஓலை போட்டு வாரிய உறுப்பினர்களை எடுத்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் குடவோலை என்பது தொடக்கத்திலேயே தகுதி பார்த்து, பிறகு குடத்துக்கு விட்ட ஏற்பாடு. சங்கரன்கோவிலில் சீட்டு வந்தது, மன்றம் சரிபாதியாகப் பிளந்து நின்ற பிறகு. பாதி மன்றத்தின் ஆதரவோடு உட்கார்ந்த தலைமை மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 2025 ஜூலையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 30-க்கு 24 பேர் ஆதரித்தால்தான் அது நிறைவேறும். அதற்கும் மேலாகவே வாக்குகள் சேர்ந்தன. தலைவரின் சொந்தக் கட்சிக்காரர்களும் எதிர்க்கட்சிக்காரர்களும் ஒரே பக்கம் நின்றார்கள்.

ஓட்டுநருக்கு இதில் ஒரே ஒரு கேள்விதான். “அப்போ அந்த மூணு வருசத்துல எங்க தெருவுக்கு என்ன தீர்மானம் போட்டாவ?” பத்திரிகைக்காரர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஆட்டம் கண்ட நாற்காலியைப் பற்றிச் செய்தி வருகிற அளவுக்குக் கால்வாயைப் பற்றி வருவதில்லை.

மானூரை வண்டி நள்ளிரவில் கடந்தது. ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. அங்குள்ள சிவன் கோயிலைப் பத்திரிகைக்காரர் பகலிலேயே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். சங்கரன்கோவில் – திருநெல்வேலிச் சாலையில் போகிறவர்கள் பெரும்பாலும் தேநீர் குடிக்கக்கூட நிறுத்தாத ஊர். ஆனால் தமிழ்நாட்டில் எந்த மன்றக் கூட்டத்துக்குப் போகிறவரும் ஒருமுறை மானூருக்கு வந்து நிற்க வேண்டும். பாண்டியன் மாறஞ்சடையனின் 35-ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய கி.பி. 800 வாக்கில், இந்த ஊர் மகாசபை தன் கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று தானே விதி வகுத்து வட்டெழுத்தில் வெட்டி வைத்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919-லும் 921-லும் வந்தவை. மானூர் அவற்றுக்கு நூறு ஆண்டு மூத்தது.

யார் சபையில் உட்காரலாம்? ஊரில் நிலப்பங்கு உள்ளவர், ஒரு தரும நூலாவது ஓதியவர், நல்ல ஒழுக்கம் உடையவர். பங்கை விலைக்கு வாங்கியோ சீதனமாகப் பெற்றோ வந்தவருக்கும் படிப்புச் சோதனை உண்டு. கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று துண்டு பங்கோடு வந்து உட்காரக் கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு விதி. சபையில் எந்த யோசனை வந்தாலும் ‘கூடாது, கூடாது’ என்றே மறுத்துக்கொண்டிருப்பவர் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். அவருக்குத் துணை நிற்பவர்களும் கட்ட வேண்டும்.

கல்லில் வெட்டும் அளவுக்கு அந்தச் சபையை யாரோ படாத பாடு படுத்தியிருக்கிறார்கள். மாலை மங்கும்வரை உட்கார்ந்து, ஒரு காரியமும் முடியாமல் எழுந்துபோன கூட்டங்கள் எத்தனையோ நடந்திருக்கும். அந்த அலுப்பு இன்றைக்கும் புரிகிறது. ஆனால் தண்டம் போட்டுத் தடுக்கிற அளவுக்கு மறுப்பு அவ்வளவு தீங்கானதா என்று பத்திரிகைக்காரர் யோசித்தார். எழுந்து ‘கூடாது’ என்று சொல்ல ஒருவர் இல்லாமல் போனதால் கெட்ட ஊர்க்காரியங்களின் பட்டியலும் நீளமானது. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. அது பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேய ஊரின் சபை. வயலில் இறங்கியவர்களுக்கு அங்கே இடம் இல்லை. பெண்களுக்கும் இல்லை.

திருநெல்வேலியில் டீக்கடை விழித்திருந்தது. ஓட்டுநர் இறங்கி மூட்டைகளில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார்.

இந்த ஊர் மாநகராட்சிக்கு 55 வார்டுகள். 2022 தேர்தலில் தி.மு.க. கூட்டணிக்கு மட்டும் 51 கிடைத்தது. எதிர்க்கட்சி வரிசை ஏறக்குறைய காலி. அப்படியென்றால் கூட்டம் அமைதியாக நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. மேயருக்கும் அவர் கட்சி மாமன்ற உறுப்பினர்களுக்குமே ஒத்துப்போகவில்லை. 2024 ஜனவரி 12-ஆம் தேதி நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்காக மன்றம் கூட்டப்பட்டது. நாற்காலிகள் போடப்பட்டன, அதிகாரிகள் வந்தார்கள், மாமன்ற உறுப்பினர் ஒருவர்கூட வரவில்லை. தீர்மானம் தோற்றது. அதே ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி காஞ்சிபுரம் மாநகராட்சியிலும் இதே காட்சிதான்: தீர்மானம் கேட்டவர்களே அன்றைக்கு மன்றத்துக்குள் வரவில்லை. கட்சி மேலிடம் பேசி முடித்துவிட்டால் மன்றத்தில் பேச ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

ஆனாலும் திருநெல்வேலிக் கதை அங்கே நிற்கவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் மேயர் பதவி விலகினார். ஆகஸ்ட் 5-ஆம் தேதி புது மேயருக்கு வாக்கெடுப்பு. கட்சி அறிவித்த வேட்பாளர் ராமகிருஷ்ணனுக்கு எதிராக அதே கட்சியின் இன்னொரு உறுப்பினர் மனுச் செய்தார். ரகசிய வாக்கு. எண்ணினால் ராமகிருஷ்ணனுக்கு 30, எதிர்த்தவருக்கு 23, ஒன்று செல்லாதது. ஆறு மாதத்துக்கு முன் மன்றத்துக்கே வராதவர்கள், கையெழுத்தும் முகமும் தெரியாத ஒரு சீட்டில் தங்கள் மனதைச் சொன்னார்கள். கட்சி முடிவை மீறி வாக்களிப்பதை இங்கே புகழவில்லை. ரகசியச் சீட்டுக்குள் பேரமும் ஒளிந்துகொள்ளலாம். ஆனால் அந்த 23 என்ற எண் மன்றத்துக்குள் ஒரு கருத்து உயிரோடு இருந்ததைக் காட்டியது. அதைத் திறந்த கூட்டத்தில், தெருவையும் தண்ணீரையும் வைத்துப் பேசியிருந்தால் ஊருக்கு எவ்வளவு பயன்!

நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி. காவல்கிணறு தாண்டியதும் காற்று மாறியது. முப்பந்தல் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் இருட்டில் வரிசையாக எரிந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாய். மலைகளுக்கு நடுவில் காற்று நுழைகிற வாசல். ஒரு காலத்தில் படைகள் நுழைந்த வாசலும் இதுதான்.

பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலும் பதினெட்டின் தொடக்கத்திலும் மதுரை நாயக்கர் படை இந்தக் கணவாய் வழியாக வந்து, அதற்கு அப்பால் கிடந்த நாஞ்சில் நாட்டு விளைச்சலை வாரிக்கொண்டு போனது. காக்க வேண்டிய, பின்னாளில் திருவிதாங்கூர் ஆன வேணாட்டு அரசோ வரிக்கு மட்டும் ஆள் அனுப்பியது. இரண்டு பக்கமும் அடிவாங்கிய நாஞ்சில் நாட்டார், ஊர் ஊராகக் கூடித் தீர்மானம் எழுதினார்கள். வழக்கத்தில் இல்லாத வரி கேட்டால் கொடுப்பதில்லை. ஒருவருக்கு வந்த கெடுதி எல்லாருக்கும் வந்த கெடுதி. கூட்டமாகவே நின்று எதிர்கொள்வது. திருவிதாங்கூர் வரலாறு எழுதியவர்கள் இந்த நாட்டுக்கூட்டத் தீர்மானங்களைத் தங்கள் நூல்களில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்துக்குப் பிறகு நாட்டாரின் அந்த வலு ஒடுங்கியது.

இந்தத் தோவாளை வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது அழகியபாண்டிபுரம். அங்கே முதலியார் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்த ஓலைகள்தான் ‘முதலியார் ஓலைகள்’. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைத் தேடிப் பார்த்துப் படியெடுத்தார். பின்னால் ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவற்றை நூலாக்கினார். நிலம், வரி, தண்ணீர், அடிமை விற்பனை என்று அன்றைய நாஞ்சில் நாட்டின் கணக்கு முழுதும் அதில் வருகிறது. அரசனுக்கு எதிராக ஒற்றுமையாக நின்ற நாட்டாரின் வயலில், விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள் உழைத்தார்கள் என்பதையும் அந்த ஓலைகளே சொல்கின்றன. நாட்டுக்கூட்டத்தில் கை தூக்கியவர்கள் யார், தூக்க முடியாதவர்கள் யார் என்று கேட்காமல் அந்தத் தீர்மானங்களைக் கொண்டாட முடியாது.

1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை வந்தபோது ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் பிரதிநிதிகள் திருவனந்தபுரம் போனார்கள். தோவாளை அப்போது திருவிதாங்கூரின் ஒரு வட்டம். ஆனால் அந்தச் சபையில் குறையைச் சொல்லலாம், கோரிக்கை வைக்கலாம். வாக்கெடுத்து அரசைக் கட்டுப்படுத்த முடியாது. பேச இடம் உண்டு, முடிவு செய்ய இடம் இல்லை. 1912-இல் ஒடுக்கப்பட்ட புலையர்களின் தலைவர் அய்யன்காளி அந்த அவையில் எழுந்து தன் மக்களுக்கு நிலம் கேட்டார் என்பதை நினைத்தால், பேசுவதற்கு மட்டும் கிடைத்த இடமும் சின்னது இல்லை என்று தெரியும்.

தோவாளைக்கு வண்டி வந்து நின்றபோது விடிய இன்னும் நேரம் இருந்தது. சந்தை மட்டும் பட்டப்பகலாக இருந்தது. ஓசூர் ரோஜா ஒரு பக்கம், மானாமதுரை மல்லி ஒரு பக்கம், உள்ளூர் அரளி, சம்பங்கி, கொழுந்து, துளசி, வாடாமல்லி, கோழிக்கொண்டை. மற்ற ஊரில் கேந்தி, செண்டு என்கிற பூவுக்கு இங்கே கிரேந்தி என்று பெயர். ஓணத்துக்கு அதுதான் ராஜா. தாமரை மட்டும் எடைபோடாமல் எண்ணி விற்கப்பட்டது. மலையாளமும் நாஞ்சில் தமிழும் கலந்த குரலில் விலை கேட்கிறார்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் குறைக்க, மூன்றாமவர் கூட்ட, சுற்றி நிற்பவர்கள் காதில் விழும்படிதான் எல்லாம். வண்டி ஒன்று கூடுதலாக வந்து இறங்கினால் விலை இறங்குகிறது. சங்கரன்கோவில் பிச்சி ஓட்டுநரின் கண்முன்னே விலைபோனது. சாக்கை உதறி மடித்து வைத்துவிட்டு அவர் தூங்கப் போனார்.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் மாணிக்க மாலை கட்டிக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. சிவப்பு அரளி, வெள்ளை அரளி, பச்சைக்கு நொச்சி இலை. பூவை நசுங்காமல் மடிக்க வேண்டும். மடித்ததை வரிசை பிசகாமல் நாரில் அடுக்க வேண்டும். முடிந்தபோது அது மாலையாகத் தெரியவில்லை. பாய் போலத் தட்டையாக, கல் பதித்த பட்டை போல மின்னியது. 2025-இல் இந்த மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த அம்மாவின் விரல் நுனியில் அரளிப்பால் பிசுபிசுத்தது. பேசும்போதும் கை நிற்கவில்லை.

“ஒன்றியத்துல கூட்டம் எப்போ நடக்கும்னு கேக்கியளா? மெம்பரே இல்லியே இப்போ” என்றார்.

மெம்பர் இல்லை. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2020 ஜனவரி 6-ஆம் தேதி பதவியேற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் 9 ஒன்றியங்களும் 95 ஊராட்சிகளும் அதோடு தனி அலுவலர்கள் கைக்குப் போயின. இதற்கு முன்பும் 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் இதே நிலைதான்: வார்டு வரையறை, இடஒதுக்கீடு, நீதிமன்ற வழக்கு. 2016 அக்டோபரிலிருந்து 2025 ஓணம் வரை கணக்குப் போட்டால், ஏறக்குறைய ஒன்பது ஆண்டில் தோவாளைக்கு மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இருந்தது ஐந்தே ஆண்டு. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 29 துறைகளை ஊராட்சிகளுக்கு உரியவை என்று பட்டியலிட்டது. பட்டியல் இருந்தது, பேச ஆள் இல்லாமல் போனது. பேச்சிப்பாறைத் தண்ணீர் தோவாளைச் சானல் வழியாகக் கடைவரம்புக்கு வந்து சேரவில்லை என்றால், அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் மனு வேறு, தீர்மானம் வேறு. மனு மேசையில் கிடக்கும். தீர்மானத்துக்கு எண்ணும் தேதியும் முன்மொழிந்தவர் பெயரும் உண்டு. அடுத்த கூட்டத்தில் ‘அது என்ன ஆச்சு?’ என்று கேட்கலாம்.

கிராம சபை மட்டும் நிற்கவில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். மக்கள்தொகை 3,000-க்கு மேல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் கூடினால்தான் கூட்டம் செல்லும். அந்தக் கூட்டத்துக்கு இருக்கும் வலுவை மதுரைப் பக்கம் பார்த்தோம். 2024 நவம்பரில் அரிட்டாபட்டி வட்டார ஊர்கள் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று கிராம சபையில் தீர்மானம் எழுதின. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-ஆம் தேதி ஒன்றிய அரசு அந்த ஏலத்தையே ரத்து செய்தது. போராட்டம், பேரணி எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது. ஆனால் முதலில் ஊர் கூடி எழுதிய ஒரு தாள் இருந்தது.

தோவாளையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். காலைப் பேருந்தில் பாதிப்பேர் கையில் பூப்பை. இறங்கியதும் பத்திரிகைக்காரர் நேராக மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனார். 2023-இல் திறக்கப்பட்ட புதிய கட்டடம். ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணனின் நினைவாகக் கலைவாணர் மாளிகை என்று பெயர்.

1920-இல் நகராட்சியான ஊர் இது. 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்தபோது மன்றத்தில் உறுப்பினர் ஒருவரும் இல்லை, 2016-லிருந்தே காலி. தங்கள் ஊர் மாநகராட்சி ஆவதைப் பற்றி, வரி எவ்வளவு கூடும், எந்தப் பகுதி சேரும் என்று கேள்வி கேட்க மக்கள் அனுப்பிய ஆள் எவரும் அந்த நாளில் உள்ளே இல்லை. 2022-இல்தான் 52 வார்டுகளுக்கும் உறுப்பினர்கள் வந்தார்கள். மார்ச் 4-ஆம் தேதி மேயர் தேர்தல். தி.மு.க. 24, காங்கிரஸ் 7, ம.தி.மு.க. 1 என்று கூட்டணிக்கு 32 பேர். எதிரில் பா.ஜ.க. 11, அ.தி.மு.க. 7, சுயேச்சை 2. வாக்குகளை எண்ணியபோது தி.மு.க.வின் மகேஷுக்கு 28, முன்னாள் நகராட்சித் தலைவரான பா.ஜ.க.வின் மீனாதேவுக்கு 24. மேசையில் இருந்த கணக்கு ஒன்று, பெட்டிக்குள் இருந்த கணக்கு ஒன்று. அந்த நெருக்கம் மன்றத்துக்கு நல்லது என்பது பத்திரிகைக்காரரின் எண்ணம். 28-க்கு 24 என்று உட்கார்ந்திருக்கிற அவையில் எந்தப் பொருளையும் கண்ணை மூடிக்கொண்டு நகர்த்த முடியாது.

மன்றக் கூட்டம் பார்த்தவர்களுக்கு அதன் நடை தெரியும். தமிழ்த்தாய் வாழ்த்து. பிறகு அஜெண்டா. ‘மன்றத்தின் பார்வைக்கு’, ‘மன்றத்தின் அனுமதிக்கு’ என்று முடிகிற பொருள்கள், வரிசை எண்ணோடு. ஒப்பந்தப்புள்ளி, குடிநீர்க் குழாய் உடைப்பு, தெருவிளக்குப் பராமரிப்பு, கடை வாடகை. அவசரம் என்று மேயரின் முன்அனுமதியோடு முடிந்துபோன வேலைகள், பதிவுக்காக. இந்தக் கடைசி வகையைத்தான் அனுபவமுள்ள கவுன்சிலர்கள் முதலில் புரட்டுவார்கள். பொருளை வாசிக்க வாசிக்க ‘பாஸ்’, ‘பாஸ்’ என்று குரல் வரும். யாராவது எழுந்து, ‘என் ஆட்சேபணையை மினிட்ல ஏத்துங்க’ என்பார். சில ஊர்களில் வாசிப்பதற்கே பொறுமை இருக்காது. எழுபது எண்பது பொருளையும் சேர்த்து ‘ஆல் பாஸ்’ என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டுத் தேசிய கீதம் பாடிவிடுவார்கள். மானூர்ச் சபை ஐந்து காசு தண்டம் போட வேண்டியது இந்த ‘ஆல் பாஸ்’ குரலுக்கு. கூடாது என்கிறவர் காரணத்தையாவது சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் சரி என்கிறவர் தாளைக்கூடத் திருப்ப வேண்டியதில்லை.

மானூரிலும் நாட்டுக்கூட்டத்திலும் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. 2016 சட்டத்திருத்தத்தின்படி தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அவர்கள் தொகைக்கு ஏற்ற இடம். உறுப்பினரின் கணவர் பேசுகிற கூட்டங்களும் நடக்கின்றன. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இருந்தாலும், தன் வார்டில் எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது என்பதைக் குடம் தூக்கிய ஒருவர் எழுந்து சொல்வதற்கும், மற்றவர் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அவையில் உட்கார்ந்து கேட்டால் தெரியும்.

அன்றைக்குக் கூட்டம் இல்லை. கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பத்திரிகைக்காரர் சாயங்காலம் மறுபடி தோவாளைக்கே வந்தார். சந்தை கழுவி விடப்பட்டிருந்தது. நசுங்கிய கிரேந்தி இதழ்கள் ஓடையில் மஞ்சளாக ஒட்டிக் கிடந்தன. திண்ணையில் அதே அம்மா. கையில் இப்போது வேறு மாலை.

தான் பிறந்த ஊராட்சியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு கிராம சபையில், கோயில் வளைவில் விளக்கு இல்லாமல் பூப்பறிக்கப் போகிற பெண்கள் இருட்டில் நடக்கிறார்கள் என்று எழுந்து சொன்னாராம். எல்லாரும் கேட்டார்கள். கூட்டம் முடிகிற நேரம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வந்தார்கள். “நான் கையெழுத்துப் போடல்ல. நான் சொன்னதை எழுதியிருக்கான்னு மொதல்ல வாசிச்சுக் காட்டுங்கன்னேன். எழுதல்ல. அங்கேயே உக்காந்து எழுத வெச்சேன். பதினாலாம் நம்பர் தீர்மானம், அது என்னுது.”

விளக்கு வந்ததா என்று பத்திரிகைக்காரர் கேட்டார்.

“ரெண்டு கூட்டம் கழிச்சு வந்துது” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அடுத்த நொச்சி இலையை எடுத்தார்.